காரணம்: வயிற்று வலி

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் லீவு ஃபாரம் நிரப்புவது ஒரு தனி வித்தை. பெயர், எண், தேதி எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். ‘சொந்த வேலை’ என்று எழுதினால் என்ன வேலை என்று கேட்டுத் திரும்பி வரும். ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதினால் உடம்பில் எந்த இடம் என்று கேட்டுத் திரும்பி வரும். மேனேஜர் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதி அனுப்புவார். அதனால் அவருக்குச் சிவப்பு மை என்றே பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் சிவப்பு மை.

அக்கா எழுதிக் கொடுத்த ஃபாரம் மட்டும் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. அக்கா என்றால் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த மாதம் காய்ச்சல் எடுபடும், யாருக்கு முதுகுவலி பொருந்தும், ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதினால் கேன்டீனைச் சோதனை போட வந்துவிடுவார்கள், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆட்கள் அவள் மேசைக்கு வந்து, "அக்கா, வெள்ளிக்கிழமை வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அது பொய்யாயிற்றே என்று யாராவது கேட்டால், "நெஜத்தை எழுதினா யாரு லீவு தர்றா?" என்பாள். நியாயமான கேள்விதான்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். இஸ்திரி ரோலரில். ஈரம் போன படுக்கை விரிப்பை இரண்டு பேர் நான்கு முனையிலும் பிடித்து, சுருக்கம் விழாமல் சூடான உருளைக்குள் ஊட்ட வேண்டும். கை அசந்தால் விரல் போய்விடும். அவனுக்கு அது தூக்கத்திலும் வரும். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஓடும். ஒருமுறை தலையணை உறைக்குள்ளிருந்து யாரோ ஒரு நோயாளியின் பல்செட் வந்து விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மேலும் கீழும் ஆட்டி, மேனேஜர் குரலில் "தெளிவில்லை, தெளிவில்லை" என்று பேச வைத்தான். கூடமே உருண்டு சிரித்தது. சிவப்பு மை பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார் என்பது வேறு கதை.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினேழு. அவள்தான் குளிப்பாட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள், அடித்தாள், அடித்துவிட்டுத் தானும் அழுதாள். அவனும் எது என்றாலும் முதலில் அவளிடம்தான் வருவான். முதல் சிகரெட்டை இழுத்துவிட்டு இருமிக்கொண்டே வந்து சொன்னான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் சொன்னான். இப்போது அந்தப் பெண்தான் அவன் மனைவி. "உங்க தம்பி எங்கிட்ட காதலைச் சொல்ல வந்தப்பவே எங்கக்கா சரின்னுட்டாங்கன்னுதான் ஆரம்பிச்சார் அண்ணி" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அக்காவுக்கு உலகத்தில் வேறு பெருமை எதுவும் கிடையாது. தம்பி தன்னிடம் எதையும் மறைக்கமாட்டான், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன்தான் ஒரு திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்து, தானே நிரப்பிய ஃபாரம் ஒன்றை நீட்டினான். இரண்டு நாள் லீவு. காரணம் கட்டத்தில் கோணல்மாணலான எழுத்தில் ‘மனசு சரியில்லை’ என்று இருந்தது.

அக்கா அதைச் சட்டென்று மேசையில் கவிழ்த்து வைத்தாள். முந்தின வருடம் மடிப்பு மேசையில் ஒருத்தி இருந்தாள். தூக்கம் வரவில்லை, மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று வாய் தவறி மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி அவளை அழுக்குத் துணி பிரிக்கும் பக்கம் மாற்றினார்கள். மூன்று மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது, இனி வரவேண்டாம் என்றார்கள். அதற்குள் அவள் பெயரே போய், மாத்திரைக்காரி ஆகியிருந்தாள். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் அக்காவும் உண்டு.

"என்னடா எழுதியிருக்க?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"இருக்கறதைத்தான்க்கா."

"இதையெல்லாம் எழுதலாமா? மெஷின்ல நிக்கிறவன் நீ. இதைப் பாத்தா நாளைக்கே உன்னை அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க. பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்கடா."

"குத்தட்டும். எனக்கு நெஜமாவே முடியலக்கா. காலைல கண்ணு முழிச்சா, எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு. சட்டைப் பட்டனைப் போடறதுக்குள்ள அலுத்துப் போகுது. யாராவது பேசினா அவங்க வாய் அசையறது தெரியுது, என்ன சொல்றாங்கன்னு..."

அந்த நேரம் பார்த்து மூன்றாம் எண் உலர்த்தி கத்தத் தொடங்கியது. அறுவைக்கூடத்துத் துணி, உடனே எடுத்தாக வேண்டும். அக்கா எழுந்துகொண்டே மேசை இழுப்பறையிலிருந்து புது ஃபாரம் ஒன்றை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். காரணம்: வயிற்று வலி.

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன், உக்காந்து பேசலாம். இப்ப இதுல கையெழுத்துப் போடு."

"வயிறு நல்லாதானேக்கா இருக்கு?"

"இருந்தா இருந்துட்டுப் போகுது. உன் வயித்துக்குள்ள எட்டிப் பாக்கவா போறாங்க?"

அவன் சிரித்தான். அவன் சிரித்ததில் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. இவனுக்கு ஒன்றுமில்லை, ஏதோ அலுப்பு, இரண்டு நாள் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். பழைய ஃபாரத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். லீவு மறுபேச்சில்லாமல் கிடைத்தது.

சாயங்காலம் அவள் போகவில்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது ஞாபகம் வந்தது. தம்பி வீட்டுக்குப் போகும் பேருந்துதான் முதலில் வந்தது, அதை விட்டுவிட்டுத் தன் வீட்டுப் பேருந்தில் ஏறினாள். அவன் சொல்லத் தொடங்கியது எங்கே போய் முடியுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தெரியும். இதற்கு எங்கே கையை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அவன் மறுபடி வந்து நின்றான். இந்த முறை ஃபாரம் எதுவும் கொண்டுவரவில்லை. "அக்கா, ரெண்டு நாள்" என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது முறையும் அப்படியே எழுதினாள். அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். ஒரே நோய்க்கு மூன்று முறை லீவு போட்டால் பொது மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் நோயை மாற்றி மாற்றி எழுதத் தெரிந்தவளுக்குச் சொந்தத் தம்பி விஷயத்தில் அது தோன்றவில்லை.

அவன் போனான். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று கேட்டார். ஏதோ ஓரிடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதித் தந்தார். காரம் கூடாது, புளிப்பு கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றார். அன்றிலிருந்து அவன் வீட்டில் சமையலே மாறிப்போயிற்று. தம்பி மனைவி தனியாக ஒரு பாத்திரத்தில் உப்புச் சப்பில்லாமல் அவனுக்கு வடித்துக் கொட்டினாள். அவளுக்கு உண்மை தெரியாது. புருஷனுக்கு வயிறு கெட்டுவிட்டது என்றே நம்பினாள். தன் சமையல்தான் காரணமோ என்று அக்காவிடம் வந்து அழக்கூடச் செய்தாள். அக்கா அவள் முதுகைத் தடவி, "உன் மேல என்னம்மா தப்பு, அவனுக்குச் சின்ன வயசிலேருந்தே வயிறு கொஞ்சம் பலவீனம்" என்றாள்.

இதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அது பச்சைப் பொய். ஆனால் சொல்லும்போது அக்காவுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. எழுதி எழுதி அவளே அதை நம்பிவிட்டாள். வயிறு என்றால் ஆளுக்கு ஆள் கைவைத்தியம் சொல்வார்கள், வெந்நீர் குடி என்பார்கள். வயிற்று வலி வந்தவனைப் பார்த்து யாரும் ஒதுங்கிப் போவதில்லை. தம்பிக்கு அந்த நோய் இருப்பது அவளுக்கு எத்தனையோ மேலாக இருந்தது.

ரோலரில் இப்போது பேச்சு இல்லை. அவனுக்கு எதிர்முனையில் துணி பிடிக்கும் ஆள், தாடிக்காரர் என்று கூப்பிடுவார்கள், ஒரு நாள் அக்காவிடம் வந்து, "உன் தம்பி நேத்து பூரா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஏதாவது சண்டையா?" என்றார்.

"வயித்து வலிக்காரன் என்னத்தைப் பேசுவான்" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக அவள் வீட்டுக்கு வந்தான். சமையலறை வாசலில் நிலையில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் நின்றான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, வெளியில் கண்டதையும் தின்கிறானா என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கு எப்பவாவது, எல்லாம் போதும்னு..."

"போதும்கற வரைக்கும் சாப்பிடக் கூடாதுடா. அரை வயிறு சாப்பிடணும். டாக்டர் சொல்லலையா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு, "சொன்னார்" என்றான். கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஏழாவது மாதம், மாத்திரை கேட்கவில்லை என்று, வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைச் சோதித்தார்கள். அவன் கண்ணில் நீர் வழிய அதையும் விழுங்கினான். முடிவு வந்தது. வயிறு கண்ணாடி மாதிரி சுத்தம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடம் முழுக்க, "ஒண்ணுமே இல்லையாம்" என்று சொல்லித் திரிந்தாள். அவன் மட்டும் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகம் செத்துப்போய் நின்றான். நல்ல சேதிக்கு இவன் ஏன் இப்படி நிற்கிறான் என்று அவளுக்கு ஒரு நொடி உறைத்தது. அந்த ஒரு நொடியோடு சரி.

எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குத் தம்பி சுத்தமான துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனான். அது அவன் வேலையே இல்லை, தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பத்தேகாலுக்கு மேலேயிருந்து, துணி இன்னும் வரவில்லை என்று நர்ஸ் போன் செய்தாள். தாடிக்காரர் படியேறிப் போனார். ஏழாம் மாடிக் கோடியில், மொட்டைமாடிக்குப் போகும் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது, துணி மடிப்புக் கலையாமல். அதற்குள் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்க்கப் போன எலக்ட்ரீஷியன் அவனைப் பார்த்துவிட்டார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, கீழ போலாம்" என்றார். அவனும் சரி என்று வந்துவிட்டான். கூப்பிட ஆள் வந்ததும் வந்துவிட்டான், பாருங்கள்.

அக்காவிடம் வந்து சொன்னதும் அவள் ஓடினாள். மூன்றாம் மாடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதே தெரியாது. அங்கேதான் மனநலப் பிரிவு. பதினான்கு வருடமாக அந்தப் பிரிவின் விரிப்புகளைத் துவைத்து அனுப்புகிறவள், அன்றுதான் முதல்முறையாக அதன் கதவைத் தாண்டி உள்ளே போனாள். சுவர், நாற்காலி, ஜன்னலில் ஒரு பூந்தொட்டி. மற்ற மாடிகளைப் போலத்தான் இருந்தது. இதற்குத்தானா இத்தனை பயந்தோம் என்று நினைத்தாள்.

தம்பி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தகவல் போய் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள். ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு ஜோடிச் செருப்பு. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மருத்துவர், நடுவயதுப் பெண்மணி, அவனுடைய பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எட்டு மாசமா வயித்து வலி டாக்டர்" என்றாள் மனைவி. "அது தாங்க முடியாமத்தான் இப்படிப் பண்ணிட்டார். நான் காரமே போடறதில்ல. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செய்யறேன்."

மருத்துவர் அவனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வயிறுதானா?"

அவன் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. ஒரு காலத்தில் தனக்கு என்ன என்று இரண்டே வார்த்தையில் தெளிவாக எழுதிக்கொண்டு வந்தவன், இன்று அதைச் சொல்ல அக்காவின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். சொல்லாமல் இருந்துவிடலாம். மருத்துவர்கள் எப்படியும் கண்டுபிடித்துக்கொள்வார்கள். தம்பி மனைவிக்கு ஒருநாளும் தெரியவராது. தம்பி காட்டிக் கொடுக்கமாட்டான். இத்தனையும் அவள் மனதில் ஓடியது.

"வயிறு இல்ல டாக்டர்" என்றாள். "அவன் மொத நாளே மனசு சரியில்லன்னுதான் எழுதிக்கிட்டு வந்தான். வேலை போயிடும், பேர் கெட்டுடும்னு நான்தான் அதைக் கிழிச்சுப் போட்டேன். வயித்து வலின்னு எழுதினது நான். அத்தனை தடவையும் நான்."

தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். கோபம் என்றால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அவள் முகத்தில் இருந்தது குழப்பம்தான், நம்பமுடியாத குழப்பம்.

"ஏன் வயிறு பாத்த டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லல?" என்று மருத்துவர் அவனிடம் கேட்டார். "குழாய் விட்டுப் பாக்கறப்பகூட?"

எத்தனையோ நாள் பேசாத குரல், கரகரத்தது.

"மாத்திச் சொன்னா அக்கா எழுதினது பொய்னு ஆயிடும்ல" என்றான். "அவங்க வேலைக்கு ஏதாவது ஆயிடும்." பிறகு அக்காவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "பரவால்லக்கா. அப்புறம் நெஜமாவே வலிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றான்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மருத்துவர் அவளை அழவிட்டார். பிறகு நிதானமாக, இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நாள் பிடிக்கும், கொஞ்ச நாள் இங்கேயே தங்கவேண்டும், கூட ஒருவர் இருக்கலாம் என்றார். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுக்காததும் எல்லோருக்கும் கேட்டது.

"நான் இருக்கேன்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவனுக்கு அம்மை போட்டபோது அவள்தான் இருந்தாள், கை முறிந்தபோது அவள்தான் இருந்தாள். வேறு யார் இருப்பது என்ற கேள்வியே இதுவரை வந்ததில்லை.

"வேண்டாம் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. குரல் உயரவில்லை. அவன் கையை விடாமலேதான் சொன்னாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. இனிமே அவர் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் மனைவியின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவளிடம், அவளிடம் மட்டும், மெல்லிய குரலில் எதையோ சொல்லத் தொடங்கினான். அவள் குனிந்து காது கொடுத்தாள்.

என்ன சொன்னான் என்று அக்காவுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது என்று அவளுக்குப் புரிந்தது. கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.